டங்கி சமைத்ததா, குரூடன் பரிமாறியதா: 2002 பக்கனியர்ஸ் கோப்பை யார் கணக்கில்?

மூன்றாவது டவுன்:
நேற்று ராத்திரி மச்சானோடு தொடங்கிய சண்டை இன்னும் தீரவில்லை, அதனால் இங்கே இறக்கி வைக்கிறேன். விஷயம் அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். பற்றியது: டோனி டங்கி 1996 முதல் ஆறு சீசன் டாம்பா பே பக்கனியர்ஸின் தலைமைக் கோச். 2002 ஜனவரியில் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஓக்லண்ட் ரெய்டர்ஸிடமிருந்து ஜான் குரூடனை வாங்கினார்கள். நிஜமாகவே விலை கொடுத்துத்தான் வாங்கினார்கள்: இரண்டு முதல் சுற்று டிராஃப்ட் தேர்வுகள் (கல்லூரி வீரர்களை எடுக்கும் உரிமை), இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுகள், மேலே 80 லட்சம் டாலர். ஒரு வீரருக்கு இல்லை, ஒரு கோச்சுக்கு! வந்த முதல் சீசனிலேயே குரூடன் லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை ஜெயித்தார், 48-21, அதுவும் தான் விட்டுவந்த ரெய்டர்ஸையே அடித்து. சமையல் முழுக்க டங்கியுடையது, குரூடன் வந்து பந்தியில் உட்கார்ந்தவர் என்கிறார் மச்சான். ஆறு வருடம் அடுப்படியில் நின்றவருக்கு இலையில் பரிமாறத் தெரியவில்லையே என்கிறேன் நான். நீங்கள் யார் பக்கம்?

ஆரஞ்சுச் சட்டை:
உங்கள் மச்சான் பக்கம்தான், யோசிக்கவே வேண்டாம்.

நான் 94லிருந்து டாம்பாவில் இருக்கிறேன். டங்கி வருவதற்கு முன்னால் அந்த அணி எப்படி இருந்தது என்று இன்றைக்கு வருபவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். 1983லிருந்து 1994 வரை தொடர்ந்து 12 சீசன், ஒவ்வொன்றிலும் பத்து தோல்வி அல்லது அதற்கு மேல். கடைசியாக பிளேஆஃப் (சீசன் முடிந்து வரும் நாக்அவுட் சுற்று) போனது 1982. அந்த வெளிறிய ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனால் எதிர்ப்படுகிறவர்கள் பரிதாபமாகப் பார்ப்பார்கள். இப்போது அதே சட்டை ஃபேஷன், அது வேறு கதை.

டங்கி வந்த முதல் வருடமும் ஒன்றும் மாறிவிடவில்லை. முதல் ஐந்து ஆட்டமும் தோல்வி, ஒன்பது முடிந்தபோது 1-8, அதாவது ஒரு வெற்றி, எட்டு தோல்வி. நாங்கள் எல்லாம் சரி, இதுவும் பழைய கதைதான் என்று விட்டுவிட்டோம். அந்த மனிதர் மட்டும் எதையும் மாற்றவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை, அதே பயிற்சியை அதே ஒழுங்கில் திரும்பத் திரும்பச் செய்யவைத்துக்கொண்டிருந்தார். மீதி ஏழில் ஐந்தை ஜெயித்து 6-10 என்று முடித்தார்கள். அடுத்த வருடம் முதல் ஐந்தும் வெற்றி, கடைசியில் 10-6, பதினைந்து வருடத்துக்குப் பிறகு பிளேஆஃப். வாரன் சாப், டெரிக் புரூக்ஸ், ஜான் லிஞ்ச் இவருக்கு முன்னாலேயே அணியில் இருந்தவர்கள், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அவர்களை வைத்து ஒரு டிஃபென்ஸ் (எதிராளியைத் தடுக்கும் பிரிவு) கட்டியது யார்?

சுக்குக்காப்பி:
டிஃபென்ஸ் கட்டியது சரி அண்ணே, அந்தக் கணக்கின் இன்னொரு பக்கத்தையும் சொல்லுங்கள். டாம்பாவில் அவருடைய கடைசி மூன்று பிளேஆஃப் தோல்விகளில் அணி எடுத்த புள்ளிகள் 6, 3, 9. மூன்று ஆட்டமும் சேர்த்து ஒரு டச்டவுன் (பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோவது, 6 புள்ளி) கூட இல்லை, முழுக்க ஃபீல்டு கோல் (உதைத்து எடுப்பது, 3 புள்ளி). பிலடெல்பியாவிடம் அடுத்தடுத்த இரண்டு வருடம் போய், 21-3, 31-9 என்று வாங்கிக்கொண்டு வந்தார்கள். அப்படிப்பட்ட டிஃபென்ஸை வைத்துக்கொண்டு ஒரு டச்டவுன் அடிக்க வழியில்லை என்றால் முதலாளி எத்தனை வருடம் பொறுப்பார்? ஆஃபென்ஸ் கோஆர்டினேட்டரை, அதாவது புள்ளி எடுக்கும் பிரிவின் கோச்சை, மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தார்கள், 1999, 2000, 2001 மூன்று சீசனுக்கும் மூன்று பேர். இரண்டு பேரை மாற்றியும் சரியாகவில்லை என்றால் மூன்றாவதாக யாரை மாற்றுவார்கள்?

ஆரஞ்சுச் சட்டை:
அந்த "6" எப்படி வந்தது என்றும் சொல்லுங்கள் தம்பி. 2000 ஜனவரி 23, செயிண்ட் லூயிஸ், என்.எஃப்.சி. இறுதி ஆட்டம், ஜெயித்தால் சூப்பர் பவுல். எதிரில் அந்த சீசனில் 526 புள்ளி அடித்த ராம்ஸ். அவர்களை 11 புள்ளியில் நிறுத்தினோம், நாலாவது குவார்ட்டரில் ஐந்து நிமிடம் மிச்சமிருக்கும்வரை நாங்கள்தான் முன்னால், 6-5. எங்கள் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்) ஷான் கிங், அது அவருக்கு முதல் வருடம். ஆட்டம் முடிய ஒரு நிமிடத்துக்குள் பெர்ட் இமானுவேல் பந்தைப் பிடித்தார், களத்தில் இருந்த நடுவர் பிடித்தார் என்றே கொடுத்தார், அப்புறம் ரீப்ளே பார்த்து, பந்தின் முனை தரையைத் தொட்டது என்று பறித்துக்கொண்டார்கள். அது தப்பு என்று லீக்கே பின்னால் விதியைத் திருத்தியது: பந்து கைக்குள் கட்டுப்பாட்டில் இருந்தால் தரையில் பட்டாலும் பிடித்த கணக்குதான். இன்றுவரை அதற்கு பெர்ட் இமானுவேல் விதி என்றுதான் பேர். விதியைத் திருத்தினார்கள், எங்களுக்கு என்ன பிரயோஜனம்?

புதுசு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் போன சீசனில்தான் பார்க்க ஆரம்பித்தேன். டங்கி டிவியில் பேசுகிறவர் என்று மட்டும் தெரியும். அவரே விளையாடியவரா? எந்த இடத்தில்?

ஓரக்கண்:
புதுசு, நல்ல வேளை கேட்டீர்கள், இவர்கள் இரண்டு பேரும் விட்டால் 2000 ஜனவரியை விட்டு வெளியே வர மாட்டார்கள்.

மிச்சிகன் மாநிலம் ஜாக்சனில் 1955ல் பிறந்தவர். அப்பா, அம்மா இரண்டு பேரும் ஆசிரியர்கள், கோச்சிங்கில் அந்தச் சாயல் நன்றாகவே தெரியும். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அவர் குவார்ட்டர்பேக். சும்மா பெஞ்சில் இருந்தவர் இல்லை, படித்து முடித்து வெளியே வரும்போது அந்தப் பல்கலைக்கழகத்தின் பாஸிங் சாதனைகள் அவர் பெயரில்தான் இருந்தன. அப்படியும் 1977 டிராஃப்டில் 12 சுற்றிலும் ஒரு அணிகூட அவர் பெயரைக் கூப்பிடவில்லை. அந்தக் காலத்தில் கறுப்பின குவார்ட்டர்பேக்குகளுக்கு அதுதான் நிலைமை. அடுத்த வருடம் வாரன் மூனையும் யாரும் எடுக்கவில்லை, அவர் கனடாவுக்குப் போய் வருடக்கணக்கில் ஆடிவிட்டுத்தான் என்.எஃப்.எல்.லுக்கு வந்தார். டங்கி வேறு வழியில் போனார். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அழைத்தது, ஆனால் இடம் குவார்ட்டர்பேக் இல்லை, சேஃப்டி. சேஃப்டி என்றால் டிஃபென்ஸின் கடைசி வரிசை, நீளமான பாஸ் தலைக்கு மேல் போகாமல் காவல் நிற்கிறவர். இருபத்தொரு வயதில் புதிதாகக் கற்றுக்கொண்டு, 1978ல் 6 இன்டர்செப்ஷன் (எதிராளியின் பாஸைப் பறிப்பது) எடுத்தார், பிட்ஸ்பர்க்கில் அந்த வருடம் அதுதான் அதிகம். அதே சீசனில் டல்லஸை 35-31 என்று தோற்கடித்து சூப்பர் பவுல். மோதிரம் வாங்கிவிட்டார்.

ஒரு வேடிக்கை: 1977ல் ஹூஸ்டனில் ஒரு ஆட்டம், குவார்ட்டர்பேக் பிராட்ஷாவுக்கு அடி, மாற்று ஆளுக்கும் அடி, வேறு ஆள் இல்லை, கல்லூரியில் குவார்ட்டர்பேக் ஆடியவன் ஒருவன் டிஃபென்ஸில் இருக்கிறானே என்று டங்கியை இறக்கினார்கள். ஒரே ஆட்டத்தில் எதிராளியின் பாஸையும் பறித்தார், அவர் போட்ட பாஸையும் எதிராளி பறித்தான்.

வீரராக மொத்தம் மூன்றே சீசன். 1979ல் சான் பிரான்சிஸ்கோ, பில் வால்ஷ் அங்கே கோச்சாக வந்த முதல் வருடம். 1980ல் நியூயார்க் ஜெயண்ட்ஸ் முகாமிலேயே நீக்கிவிட்டார்கள். கதை முடிந்தது என்று எல்லோரும் நினைக்கிற வயது 24. ஆனால் யாரிடம் எல்லாம் இருந்திருக்கிறார் பாருங்கள், பிட்ஸ்பர்க்கில் கோச் சக் நோல், சான் பிரான்சிஸ்கோவில் பில் வால்ஷ். அந்த வயதில் அதைவிடப் பெரிய படிப்பு என்ன இருக்கிறது?

புதுசு:
நன்றி ஓரக்கண். அப்புறம் இந்த "டாம்பா 2" என்கிறார்களே, அது இவருடையதா?

ஓரக்கண்:
பேர் டாம்பாவுடையது, விதை பிட்ஸ்பர்க்குடையது. டங்கியே சொல்லுவார், எழுபதுகளில் ஸ்டீலர்ஸ் ஆடியதைத்தான் எடுத்துக்கொண்டேன் என்று. கவர் 2 என்றால் இரண்டு சேஃப்டியும் பின்னால் ஆளுக்குப் பாதி மைதானத்தைப் பார்த்துக்கொள்வார்கள். நடுவில் ஒரு பள்ளம் விழும், கெட்டிக்கார குவார்ட்டர்பேக் அங்கேதான் போடுவான். டாம்பா 2ல் நடு லைன்பேக்கர் (டிஃபென்ஸின் நடு வரிசைக்காரர்), வருவது பாஸ் என்று தெரிந்த உடனே திரும்பி ஓடிப்போய் அந்தப் பள்ளத்தை மூடுவார். அதற்கு அவர் கனமானவராக இருந்தால் ஆகாது, வேகமாக ஓட வேண்டும். முன்னால் இருக்கிற நாலு பேரே குவார்ட்டர்பேக்கை விரட்டிவிட வேண்டும், பின்னாலிருந்து ஆள் அனுப்ப மாட்டார்கள். அதனால்தான் டங்கி அணிகளில் எல்லோரும் கொஞ்சம் சின்ன உருவமாக, பறக்கிற வேகத்தில் இருப்பார்கள். புத்தகத்தில் எழுதினால் ரொம்பச் சாதாரணத் திட்டம். எதிராளிக்கும் தெரியும் இதுதான் வரப்போகிறது என்று. தெரிந்தும் உடைக்க முடியவில்லை என்பதுதான் விஷயம்.

மாண்டி கிஃபினை விட்டுவிடக் கூடாது, டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர். டங்கியோடு சேர்ந்து கட்டியவர், டங்கி போன பிறகும் டாம்பாவிலேயே இருந்தார். 2002ல் குரூடன் தொடவே தொடாத பகுதி அது.

மூன்றாவது டவுன்:
இதைத்தான் மச்சான் நேற்று மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னார். 2002ல் லீக்கிலேயே குறைந்த புள்ளி விட்டுக்கொடுத்த டிஃபென்ஸ், 16 ஆட்டத்தில் 196. சூப்பர் பவுலில் 5 இன்டர்செப்ஷன், அதில் மூன்று நேராக டச்டவுன். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரெய்டர்ஸ் ஆஃபென்ஸை உள்ளும் புறமும் தெரிந்தவர் குரூடன், அவர் போட்ட பயிர்தானே அது. அந்த வாரப் பயிற்சியில் எதிராளி குவார்ட்டர்பேக் மாதிரி அவரே நின்று காட்டினார் என்பார்கள். அதுவும் கணக்கில் வர வேண்டும். பிலடெல்பியாவில், டங்கியை இரண்டு வருடம் அடித்து அனுப்பிய அதே மைதானத்தில், 27-10 என்று ஜெயித்ததும் கணக்கில் வர வேண்டும்.

சுக்குக்காப்பி:
அதுதான், டங்கி பிளேஆஃபில் மொத்தமாக 9 வெற்றி, 10 தோல்வி. பிறகு போன இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸில் பெய்டன் மேனிங் மாதிரி குவார்ட்டர்பேக் கையில் இருந்தும்! 2005ல் 13-0 என்று ஆரம்பித்து, 14-2 என்று முடித்து, சொந்த ஊரில் பிட்ஸ்பர்க்கிடம் 21-18. 2007ல் 13-3, மறுபடி சொந்த ஊரில், சான் டியாகோவிடம் 28-24. வழக்கமான சீசனில் 139-69 என்பது பிரமாதம், ஜனவரி வந்தால் கை நடுங்குகிறது.

பனிப்பொழிவு:
சுக்குக்காப்பி, 2005ஐ அந்த மாதிரி ஒரு வரியில் கடந்து போகாதீர்கள். அந்த டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னால் அவருடைய மகன் இறந்துபோனார், வயது 18. அணி முழுவதும் டாம்பாவில் நடந்த இறுதிச் சடங்குக்குப் போனது. ஒரே ஒரு ஆட்டத்துக்கு வரவில்லை, அதற்கு அடுத்த வாரம் களத்தில் நின்றார். அந்த சீசனின் தோல்வியை நான் கோச்சிங் கணக்கில் எழுத மாட்டேன்.

சுக்குக்காப்பி:
சரிதான். அதைச் சேர்த்திருக்கக் கூடாது, திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

பனிப்பொழிவு:
நான் இண்டியானாபோலிஸ்காரி, அதனால் எங்கள் பக்கக் கதையையும் கொஞ்சம் கேளுங்கள். 2001ல் கோல்ட்ஸ் டிஃபென்ஸ் விட்டுக்கொடுத்தது 486 புள்ளி, லீக்கிலேயே மோசம். டாம்பா நீக்கிய ஒரு வாரம் சொச்சத்தில் டங்கியை இங்கே கூட்டிவந்துவிட்டார்கள். வந்தவர் ஆஃபென்ஸில் கை வைக்கவில்லை. மேனிங்கையும் டாம் மூரையும் அப்படியே விட்டுவிட்டார். டாம் மூர் யார் தெரியுமா? மினசோட்டாவில் டங்கி மாணவராக இருந்தபோது அங்கே இருந்த உதவிக் கோச்! ஆஃபென்ஸ் சரியாக அமைந்த இடத்தில் அதைத் தொடாமல் இருக்கிற புத்தியும் ஒரு கோச்சுக்கு வேண்டும். 2003லிருந்து 2008 வரை ஆறு சீசன், ஒவ்வொன்றிலும் 12 வெற்றிக்குக் குறையவில்லை. ஏழு வருடத்தில் 85-27.

2006தான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அது அவருடைய சிறந்த அணியே இல்லை. ஓட்டத்தைத் தடுப்பதில் லீக்கிலேயே கடைசி, ஆட்டத்துக்கு 173 கெஜம். டிசம்பரில் ஜாக்சன்வில் போய் ஒரே ஆட்டத்தில் 375 கெஜம் ஓடவிட்டார்கள், அன்றைக்கு நான் டிவியை அணைத்துவிட்டு வெளியே பனி வாரப் போய்விட்டேன். எல்லோரும் கத்தினோம், திட்டத்தை மாற்று, ஆளை மாற்று என்று. இவர் 1996ல் 1-8 என்று இருந்தபோது செய்ததைத்தான் செய்தார், அதாவது ஒன்றும் மாற்றவில்லை. எங்கள் சேஃப்டி பாப் சாண்டர்ஸ் காயம் ஆறி வந்தார், பிளேஆஃபில் கான்சாஸ் சிட்டியை 8 புள்ளியில் நிறுத்தினார்கள், பால்டிமோரை 6ல். அப்புறம் நியூ இங்கிலாண்ட். 21-3 என்று பின்னால். அந்த அணியிடம், அந்தக் கோச்சிடம், முன்பு எத்தனை தடவை தோற்றிருக்கிறோம்! கடைசி நிமிடத்தில் எங்கள் அடாய் மூன்று கெஜம் ஓடி 38-34. ஆர்.சி.ஏ. டோமில் அந்த ராத்திரி கிளம்பிய சத்தம் என் காதை விட்டு இன்னும் போகவில்லை.

சூப்பர் பவுல் மயாமியில், மழை. ஆரம்ப உதையையே சிகாகோவின் ஹெஸ்டர் டச்டவுனுக்கு எடுத்துப்போனார். 29-17 என்று முடித்தோம். எதிரே நின்ற கோச் லவ்வி ஸ்மித், டாம்பாவில் டங்கியின் லைன்பேக்கர் கோச்சாக இருந்தவர். அதுவரை சூப்பர் பவுலுக்கு ஒரு கறுப்பினத் தலைமைக் கோச்கூடப் போனதில்லை, அந்த வருடம் இரண்டு பேர் ஒன்றாகப் போனார்கள். வீரராகவும் தலைமைக் கோச்சாகவும் ஜெயித்தவர்கள் அதற்கு முன் இரண்டே பேர், டாம் ஃப்ளோரஸ், மைக் டிட்கா.

ஓரக்கண்:
பனிப்பொழிவு சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும், இந்த இழையின் கேள்விக்கே அது நேர்ப் பதில் என்று நினைக்கிறேன். டங்கி பிட்ஸ்பர்க்கில் டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் ஆனபோது வயது 28, லீக்கிலேயே இளையவர். 1984ல். தலைமைக் கோச் வேலை எப்போது கிடைத்தது? 1996. நடுவில் 12 வருடம். 1986லேயே பிலடெல்பியா நேர்காணலுக்குக் கூப்பிட்டது, வேலை கொடுத்தது வேறு ஆளுக்கு. 1988 சீசன் முடிந்து பிட்ஸ்பர்க் அவரைக் கீழ்ப் பதவிக்கு இறக்கப் பார்த்தது, விலகினார். கான்சாஸ் சிட்டிக்குப் போய் சாதாரண உதவிக் கோச்சாக மூன்று வருடம். பிறகு மினசோட்டா வைக்கிங்ஸில் டெனிஸ் கிரீனிடம் நாலு வருடம். கத்துகிறவர், கெட்ட வார்த்தை பேசுகிறவர், ராத்திரி அலுவலகத்திலேயே படுத்துக்கிடக்கிறவர் என்றால்தான் கோச் என்று நினைத்த காலம், இவர் மெதுவாகப் பேசி வீட்டுக்குப் போகிறவர். அது ஒரு காரணம். தோல் நிறம் இன்னொரு காரணம், இதை மழுப்ப வேண்டியதில்லை.

2001 சீசன் முடிகிற சமயத்தில் டெனிஸ் கிரீனையும் நீக்கினார்கள், பத்து வருடத்தில் அவருக்கு அதுதான் முதல் மோசமான சீசன். அடுத்து டங்கி, ஆறில் நாலு வருடம் பிளேஆஃப் போனவர். இந்த இரண்டு நீக்கங்களும்தான் ரூனி விதிக்கு வழி போட்டன. வழக்கறிஞர்கள் ஜானி காக்ரனும் சைரஸ் மெஹ்ரியும் 2002ல் அறிக்கை வெளியிட்டார்கள், ஸ்டீலர்ஸ் உரிமையாளர் டான் ரூனி தலைமையில் குழு போட்டார்கள், 2003லிருந்து தலைமைக் கோச் வேலைக்கு ஒரு சிறுபான்மையினரையாவது நேர்காணல் செய்தே ஆகவேண்டும் என்று விதி வந்தது. 2007ல் அதே ஸ்டீலர்ஸ் 34 வயது மைக் டாம்லினை எடுத்தது. டாம்லினுக்கு என்.எஃப்.எல்.லில் முதல் வேலை கொடுத்தது யார்? டாம்பாவில், 2001ல், டங்கி.

கட்டெறும்பு:
எல்லாம் சரி, ஆள் தெய்வம் இல்லை. 2014ல் மைக்கேல் சாம் பற்றிக் கேட்டபோது, நான் அவரை எடுத்திருக்க மாட்டேன், அதோடு வரும் விஷயங்களையெல்லாம் சமாளிக்க விரும்ப மாட்டேன் என்ற பொருளில் பேசினார். தன் பாலின ஈர்ப்பை வெளியே சொல்லி டிராஃப்டில் தேர்வான முதல் வீரர் அவர். அணிகள் "எதற்கு வம்பு" என்று ஒதுக்கியதால் 12 வருடம் காத்திருந்த மனிதர் இதைச் சொன்னதுதான் எனக்கு இடிக்கிறது. அதே ஆள், 2009ல் சிறையில் இருந்த குவார்ட்டர்பேக் மைக்கேல் விக்கைப் போய்ப் பார்த்து, இவனுக்கு இரண்டாவது வாய்ப்பு கொடுங்கள் என்று நின்றவர்.

ஆரஞ்சுச் சட்டை:
கட்டெறும்பு, எனக்கும் அது பிடிக்கவில்லை. சமாதானம் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது டவுன்:
இழை எங்கேயோ போய்விட்டது, ஆனால் நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கிறது. ஓரக்கண் போட்ட கணக்கைப் பார்த்த பிறகு பாதி இறங்கி வருகிறேன். டிஃபென்ஸ் டங்கியுடையது. கோப்பை குரூடனுடையது. ஆனால் 2002ல் நீக்கியது தப்பு என்று மட்டும் என்னைச் சொல்லவைக்க முடியாது, நீக்கியதில் இரண்டு ஊருக்கும் ஆளுக்கொரு கோப்பை கிடைத்திருக்கிறதே.

சுக்குக்காப்பி:
குரூடன் அதற்கப்புறம் டாம்பாவில் ஆறு சீசன் இருந்தார், ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. இதை மச்சானிடம் சொல்லிவிடாதீர்கள், அடுத்த வாரமும் மேசையைத் தட்டுவார்.

புதுசு:
ஒரே ஒரு ஆட்டம் பார்க்க வேண்டும் என்றால் எதைப் பார்க்கட்டும்?

ஆரஞ்சுச் சட்டை:
எனக்கு வயிறு எரிகிற ஆட்டம், இருந்தாலும் சொல்கிறேன். 2003 அக்டோபர் 6, திங்கட்கிழமை ராத்திரி, டங்கி முதல் தடவையாக டாம்பாவுக்கு எதிரணிக் கோச்சாகத் திரும்பி வந்தார். அன்றைக்கு அவருக்கு 48வது பிறந்தநாள். நாங்கள் சாம்பியன்கள். ஐந்து நிமிடம் மிச்சம், எங்கள் ராண்டே பார்பர் மேனிங்கின் பாஸைப் பறித்து ஓடி 35-14 ஆக்கினார். என் பக்கத்து இருக்கைக்காரர் கார் நெரிசலுக்கு முன்னால் போய்விடலாம் என்று எழுந்தார், நானும் எழுந்தேன். வீட்டுக்குப் போய் டிவி போட்டால் 35-35, கூடுதல் நேரம்.

பனிப்பொழிவு:
அப்புறம் எங்கள் வான்டர்ஜாக்ட் உதைத்த ஃபீல்டு கோல் வெளியே போனது, உங்கள் ஆள் சிமியன் ரைஸ் எகிறிக் குதித்ததற்கு அபராதம் கொடுத்து இன்னொரு வாய்ப்பு, அதுவும் ஒரு கை பட்டு, கம்பத்தில் இடித்து, உள்ளே விழுந்தது. 38-35. அந்தச் சின்ன "டங்" சத்தத்துக்காகவே பாருங்கள் புதுசு.

ஆரஞ்சுச் சட்டை:
இருபது வருடம் கழித்தும் அந்த அபராதத்தை ஒத்துக்கொள்ள மாட்டேன். தனி இழை போடட்டுமா?